அரிய நோயும் பெருந்தொற்றும்: எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளவே கூடாது?

25 மார்ச் 2020, கேள்வி

"அரிய நோய் உள்ளவர்களை இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, மூன்று மாதம் வீட்டுக்குள் வைத்திருந்தால் பிழைத்தார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதானே? டிரிப்ஸ், செக்கப் எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுவிடலாமா?"

25 மார்ச் 2020, இரவு

செக்கப்பைத் தள்ளலாம். டிரிப்ஸைத் தள்ளலாமா என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. காய்ச்சலும் வாந்தியும் தொடங்கிய பிறகும் "வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று இருந்தால், சில நோய்களில் கொரோனா டெஸ்ட் ரிசல்ட் வருவதற்குள் ஆள் கைவிட்டுப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் கோளாறு. ஐரோப்பாவில் 2,000 பேரில் ஒருவருக்கு மேல் வராத நோய் அரிய நோய். அமெரிக்காவில் நாடு முழுக்க 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருந்தால் அரிய நோய். இப்படித் தலையை எண்ணிச் சேர்த்த பட்டியலில் ஆறாயிரத்துக்கு மேல் நோய்கள் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவு என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு ஒற்றுமை கிடையாது. அதனால் "அரிய நோயாளிகளுக்கான பொது அறிவுரை" என்று எது வந்தாலும் சந்தேகத்தோடு படியுங்கள்.

நோயின் பெயரை ஓரமாக வையுங்கள். இந்த ஆளுக்கு இந்த மருந்தோ சாப்பாடோ தவறினால் எவ்வளவு நேரம் தாங்கும்? மணிக்கணக்கா, வாரக்கணக்கா, மாதக்கணக்கா? மணிக்கணக்கு என்றால் ஊரடங்கு, தொற்று பயம் எதையும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். யூரியா சுழற்சிக் கோளாறு, ஆர்கானிக் அசிடீமியா (இரண்டும் புரதக் கழிவை உடம்பு சரியாக வெளியேற்ற முடியாத பிறவி நோய்கள்), அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, ஹீமோஃபிலியாவில் (ரத்தம் சரியாக உறையாத நோய்) தலையில் அடி, பரம்பரை ஆஞ்சியோஎடிமாவில் (உடம்பு திடீர் திடீரென வீங்கும் நோய்) தொண்டை வீக்கம் எல்லாம் இந்த வகை. என்சைம் மருந்து (உடம்பில் இல்லாத என்சைமை டிரிப்ஸாக ஏற்றுவது), இம்யூனோகுளோபுலின் (தானமாகப் பெற்ற ஆன்டிபாடி), எகுலிசுமாப் (ரத்தச் சிவப்பணு உடையாமல் தடுக்கும் மருந்து) போன்றவை வாரக்கணக்கு. எக்கோ, எலும்பு ஸ்கேன், கண் பரிசோதனை பெரும்பாலும் மாதக்கணக்கு.

27 மார்ச் 2020

மணிக்கணக்கு வகையைக் கொஞ்சம் விரித்து எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

யூரியா சுழற்சிக் கோளாறிலும் ஆர்கானிக் அசிடீமியாவிலும் எதிரி வைரஸ் இல்லை, பட்டினி. காய்ச்சல் வந்து சாப்பாடு இறங்காவிட்டால் உடம்பு தன் தசையையே உடைத்து எரிக்கும். அந்தப் புரதத்திலிருந்து அமோனியாவோ அமிலமோ சேரும். எந்தத் தொற்றானாலும் இதே கதைதான். ஆக, செய்ய வேண்டியது இரண்டு: புரதத்தை நிறுத்து, மாவுச்சத்தை இடைவிடாமல் ஏற்று.

வீட்டில் கொடுக்கும் அவசரப் பானம் குளுக்கோஸ் பாலிமர் பவுடரில் கரைப்பது. பொதுவாகப் பயன்படும் அடர்த்தி: ஒரு வயதுக்குள் 10 சதவீதம், 1 முதல் 2 வயது வரை 15, 2 முதல் 9 வயது வரை 20, பத்து வயதுக்கு மேல் 25. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. என்பது எடையைப் பொறுத்தது. அது உங்கள் அவசரத் தாளில் (நோயின் பெயரும் அவசரத்தில் செய்ய வேண்டியதும் எழுதிக் கையில் வைத்திருக்கும் தாள்) இருக்க வேண்டும்.

கலக்கும்போது நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான். 20 சதவீதம் என்றால் 20 கிராம் பவுடரைப் போட்டு, தண்ணீரை 100 மி.லி. கோடு வரைக்கும் ஊற்றுவது. 100 மி.லி. தண்ணீரை அளந்து அதில் 20 கிராம் கொட்டினால் அடர்த்தி குறைந்துவிடும். ஸ்பூன் கணக்கும் வேண்டாம், கிராம் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பாலிமர் கிடைக்காத நாளில் சாதா குளுக்கோஸோ சர்க்கரையோ தற்காலிகமாக உதவும். ஆனால் அதே அடர்த்தியில் வயிற்றைக் கலக்கிவிட்டுவிடும், வயிற்றுப்போக்கு இன்னொரு தலைவலி. (பிறவியிலேயே ஃபிரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சர்க்கரை நஞ்சு, அவர்கள் தொடவே கூடாது.)

பானத்தை வாந்தி எடுத்தால் ஒரு முறை திரும்பக் கொடுத்துப் பார்க்கலாம். அடுத்ததும் நிற்கவில்லை, அல்லது பிள்ளை மந்தமாக, எரிச்சலாக, பேச்சு குழறலாக இருக்கிறதென்றால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்ஸ்) நரம்பு வழியே ஏற வேண்டும். அதற்கு மருத்துவமனைதான் வழி. அங்கே போய் "கோவிட் டெஸ்ட் வரட்டும், பிறகு டிரிப்ஸ்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதலில் டிரிப்ஸ், அது ஓடிக்கொண்டிருக்கும்போதே டெஸ்ட். உங்கள் நோயைப் பற்றி மருத்துவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம். தாராளமாகப் புரட்டட்டும், குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருக்கும்போது.

27 மார்ச் 2020, சற்றுப் பின்

மேலே "புரதத்தை நிறுத்து" என்று எழுதியதோடு இரண்டைச் சேர்த்துப் படியுங்கள். ஒன்று, 24 மணி நேரம், மிஞ்சிப்போனால் 48. அதற்கு மேல் நிறுத்தினால் உடம்பு மறுபடியும் தன் தசையைத் தின்னத் தொடங்கும், எதைத் தடுக்கப் போனோமோ அதையே செய்வோம். இரண்டு, மேப்பிள் சிரப் நோயில் (லியூசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்க முடியாத பிறவி நோய்) லியூசின் இல்லாத அமினோ அமில ஃபார்முலாவை நிறுத்தக் கூடாது. லியூசின் இறங்க அதுதான் உதவுகிறது. சாப்பாட்டுப் புரதம் மட்டும் நிற்கும்.

அமோனியா ரத்தம் எடுப்பதைப் பற்றி: கையை இறுக்கக் கட்டி, பிழிந்து எடுத்தால் அளவு பொய்யாக ஏறும். எடுத்த குழாய் உடனே ஐஸில் போய், நேராக லேபுக்கு ஓட வேண்டும். கோவிட் வார்டில் மாதிரிகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பும் ஏற்பாடு இருந்தால் இந்தக் குழாய்க்கு மட்டும் தனி ஆள் கேளுங்கள். ஒரு மணி நேரம் மேசையில் கிடந்த குழாயின் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது.

28 மார்ச் 2020

எம்கேட் (MCAD) குறைபாடு, அதாவது பட்டினியில் கொழுப்பை எரிக்க முடியாத பிறவி நோய், பற்றிக் கேட்டவருக்கு: குளுக்கோமீட்டர் 80 காட்டுகிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த நோயில் சர்க்கரை கடைசியில்தான் விழும். பிள்ளை தூங்கி வழிகிறது, சாப்பிடவில்லை என்றாலே போதும், கிளம்புங்கள்.

கிளைகோஜன் சேமிப்பு நோய், முதல் வகை (கல்லீரல் சேமித்த சர்க்கரையை வெளிவிட முடியாத நோய்): சமைக்காத கார்ன் ஸ்டார்ச்தான் இவர்களுடைய மருந்து. சின்னப் பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம், 3 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 1.7 முதல் 2.5 கிராம் வரை, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை. கடையில் வெள்ளை ஸ்டார்ச் தீர்ந்துவிட்டதே என்று மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிவராதீர்கள், அது வேறு பொருள். பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். வெந்நீர் பட்டால் ஸ்டார்ச் மணிகள் உடைந்து, சர்க்கரை மளமளவென ஏறி இரண்டு மணி நேரத்தில் சடாரென விழும். எலுமிச்சைச் சாறும் அதே வேலையைச் செய்யும். பிராண்டு மாறினால் முதல் இரவு அலாரம் வைத்து எழுந்து சர்க்கரை பாருங்கள்.

1 ஏப்ரல் 2020

முட்டாள்கள் தினத்துக்கேற்ற கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "கொரோனா வராமல் இருக்க எல்லாரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் (மலேரியா மாத்திரை) போடுகிறார்களே, எங்கள் வீட்டு மயஸ்தீனியா நோயாளிக்கும் கொடுக்கலாமா?"

கூடாது. மயஸ்தீனியாவில் தசைக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புதான் பழுது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அதோடு சேர்த்துத் தரும் அசித்ரோமைசின், நிமோனியாவுக்கென்று கை தானாகப் போகும் லெவோஃப்ளோக்ஸாசின், நரம்பில் ஏற்றும் மெக்னீசியம் எல்லாமே அந்த இணைப்பை மேலும் தளர்த்தக்கூடியவை. மூச்சுத் தசை தளர்ந்தால், கோவிட் நிமோனியா என்றே எழுதிவைப்பார்கள்.

பிறவி நீள் கியூடி நோய்க்குறி (இதயத்தின் மின் ஓட்டத்தில் பிறவிக் கோளாறு) உள்ளவர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்ந்து இதயத் துடிப்பையே தடம் புரளவைக்கும். லூபஸ் (எதிர்ப்பாற்றல் தன் உடம்பையே தாக்கும் நோய்) நோயாளிகளோ உண்மையிலேயே தேவைப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கிடைக்காமல் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைகிறார்கள். ஒருவருக்குத் தேவையில்லாத மருந்தை வாங்கிப் பதுக்கினால் இன்னொருவரின் சிறுநீரகம் போகும்.

4 ஏப்ரல் 2020

அவசரத் தாள். மூன்று முறை கேட்டுவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன்.

ஒரே பக்கம். இரண்டாம் பக்கத்தை யாரும் திருப்ப மாட்டார்கள். மேலே நோயின் பெயர், அதற்குக் கீழே இரவுப் பணி மருத்துவர் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது, மருந்தின் அளவோடும் எடை கணக்கிட்ட தேதியோடும். அதற்குக் கீழே செய்யக் கூடாதது. டூஷேன் தசைச் சிதைவில் சக்ஸமெத்தோனியம் (மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தும் ஊசி) கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும். மியூகோபாலிசாக்கரிடோசிஸில் (எலும்பிலும் திசுக்களிலும் கழிவு சேரும் பிறவி நோய்) கழுத்தைப் பின்னுக்கு வளைக்கக் கூடாது, கழுத்தெலும்பு நழுவித் தண்டுவடத்தை நசுக்கும். குழாய் போட அனுபவமுள்ள மயக்க மருத்துவர் வேண்டும். பரம்பரை ஆஞ்சியோஎடிமாவில் ஏசிஇ தடுப்பு மருந்து (ஒரு வகை ரத்தஅழுத்த மருந்து) கூடாது, வீக்கத்துக்கு அட்ரினலின் போட்டுக் காத்திருக்கவும் கூடாது. இப்படி இரண்டு மூன்று வரி. கடைசியில் வழக்கமான மருத்துவரின் தொலைபேசி எண்.

இதோடு இன்னொரு பத்தி அவசியம் சேருங்கள்: நல்ல நாளில் இவர் எப்படி இருப்பார். "சக்கர நாற்காலியில் நடமாட்டம். இரவில் மட்டும் பைபாப் (மாஸ்க் வழி மூச்சு இயந்திரம்). பள்ளிக்குப் போகிறார். பேசுவார், கேட்டால் பதில் சொல்வார்." தீவிர சிகிச்சைப் படுக்கைக்கு வரிசை நிற்கும்போது இந்தப் பத்தி இல்லாவிட்டால், படுக்கையில் கிடக்கும் நிலையைப் பார்த்து "ஏற்கெனவே இப்படித்தானாம்" என்று முடிவெடுத்துவிடுவார்கள். பிரிட்டனில் மார்ச் 20 வெளியான தீவிர சிகிச்சை வழிகாட்டுதலில் உடல் தளர்ச்சி அளவுகோலை வைத்து மதிப்பிடச் சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் மார்ச் 25 அன்றே திருத்தினார்கள்: நிலையான நீண்டகால இயலாமை உள்ளவர்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது என்று. ஐந்தே நாளில் திருத்த வேண்டிய விஷயம் முதலிலேயே எப்படித் தோன்றாமல் போனது என்பது வேறு கேள்வி.

கூட ஒரு ஆள் இருக்க அனுமதியும் அந்தத் தாளிலேயே வரட்டும். "பார்வையாளர்" என்று எழுதாதீர்கள், பார்வையாளருக்குத் தடை. "பராமரிப்பாளர், குழாய் உணவு, இருமல் கருவி, மருந்து நேரம் இவருக்கே தெரியும்" என்று வழக்கமான மருத்துவரின் கையெழுத்தோடு இருக்கட்டும்.

12 ஏப்ரல் 2020

என்சைம் டிரிப்ஸை வீட்டில் போடுவது. "வாரக்கணக்கு" என்று நான் போட்ட கோட்டுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் முதல் குறிப்பு வழிதவறவைக்கும். நிலையாக இருக்கும் வயதுவந்த கோஷே (Gaucher, என்சைம் இல்லாமல் செல்களில் கொழுப்பு சேரும் நோய்) நோயாளிக்கு ஒன்றிரண்டு டோஸ் தள்ளினால் உடனே ஒன்றும் ஆகிவிடாது. பச்சிளம் பருவத்து பாம்பே (Pompe, என்சைம் இல்லாமல் தசையில் கிளைகோஜன் சேரும் நோய்) நோயில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது, இதயமும் மூச்சும் அதில்தான் நிற்கின்றன. 2009 ஜூனில் அமெரிக்காவின் ஆல்ஸ்டன் ஆலையில் வெசிவைரஸ் 2117 புகுந்து கோஷே மருந்தான இமிகுளூசரேஸ் உற்பத்தி நின்றபோது உலகம் முழுக்க இந்தத் தரம்பிரிப்பைத்தான் செய்தார்கள்: பிள்ளைகளும் நோய் முற்றியவர்களும் முதலில், நிலையான பெரியவர்கள் காத்திருந்தார்கள். அந்த வைரஸ் மனிதரைத் தொற்றவில்லை, மருந்து செய்யும் செல்களைத்தான் தாக்கியது. அப்படியும் அடி நோயாளிக்குத்தான்.

வீட்டில் தொடங்கத் தகுதி: மருத்துவமனையில் பல டோஸ் சிக்கலில்லாமல் போயிருக்க வேண்டும், சமீபத்தில் அலர்ஜி இருந்திருக்கக் கூடாது, பயிற்சி பெற்ற செவிலியர் டிரிப்ஸ் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின் ஊசி இருக்க வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பின் மறுபடி தொடங்கும் முதல் டோஸ் மருத்துவமனையில்தான், மெதுவான வேகத்தில்.

கலக்கும் விதம், பாம்பேக்கான ஆல்குளுகோசிடேஸ் ஆல்ஃபாவை வைத்து: அளவு கிலோவுக்கு 20 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. குப்பிகளை அரை மணி நேரம் முன்னதாக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். 50 மி.கி. குப்பிக்கு 10.3 மி.லி. ஊசிக்கான தண்ணீர், அதைப் பவுடரின் மேல் பீய்ச்சாமல் குப்பியின் உள்சுவரோடு மெல்ல வழியவிட வேண்டும். குப்பியைச் சாய்த்து உருட்ட வேண்டும், குலுக்கவே கூடாது. நுரை வந்தால் புரதம் கெட்டுத் துகளாகத் திரளும். கரைந்தால் மி.லி.க்கு 5 மி.கி. உப்புநீர்ப் பையில் சேர்க்கும் முன் பையிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுங்கள், காற்றும் துகளை உண்டாக்கும். குழாயில் 0.2 மைக்ரான் ஃபில்டர், புரதம் ஒட்டாத வகை. தொடக்க வேகம் மணிக்குக் கிலோவுக்கு 1 மி.கி.; தாங்கினால் அரை மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மி.கி. கூட்டி, உச்சம் 7. ஒவ்வொரு முறை வேகம் கூட்டும் முன்னும் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்க்க வேண்டும்.

கோஷே மருந்துக்கு இதே கணக்கைப் போடாதீர்கள். இமிகுளூசரேஸ் 400 யூனிட் குப்பிக்கு 10.2 மி.லி. தண்ணீர் ஊற்றி, 10 மி.லி. எடுக்க வேண்டும்.

13 ஏப்ரல் 2020

ஃபிரிட்ஜ்: 2 முதல் 8 டிகிரி. கதவில் வேண்டாம், பின்சுவரை ஒட்டியும் வேண்டாம், அங்கே உறைந்துவிடும். நடுத்தட்டில், டப்பாவுக்குள், பக்கத்தில் குறைந்தபட்ச அதிகபட்ச வெப்பம் காட்டும் தெர்மாமீட்டர். உறைந்து உருகிய குப்பி பார்க்கப் பளிங்குபோல் இருக்கும், வேலை செய்யாது. கூரியர்காரர் பெட்டியைக் கொடுத்ததும் கையெழுத்துப் போடும் முன் திறந்து வெப்பப் பட்டையைப் பாருங்கள். அவர் முறைப்பார். முறைக்கட்டும்.

20 மே 2020

அட்ரினல் குறைபாடு, பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி. இரண்டிலும் உடம்பு தேவையான ஸ்டீராய்டைச் சுரக்காது, தினமும் மாத்திரையாகப் போட வேண்டும். வழக்கமான விதி: காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் அந்த ஸ்டீராய்டு இரட்டிப்பு, 39-ஐத் தாண்டினால் மும்மடங்கு. கோவிட்டில் காய்ச்சல் நாள் முழுக்க ஏறி இறங்கி, நாட்கணக்கில் நீள்வதால் அது போதாது என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் மாற்றியிருக்கிறார்கள். பெரியவர்களுக்குச் சந்தேகம் எழுந்த உடனேயே ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நடு இரவு டோஸ் உட்பட. தினமும் 5 முதல் 15 மி.கி. வரை பிரெட்னிசோலோன் எடுப்பவர்களுக்கு 10 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஃப்ளூட்ரோகார்டிசோன் (உப்பைப் பிடித்துவைக்கும் மாத்திரை) எப்போதும்போல் தொடரும். தண்ணீரும் உப்பும் நிறைய.

வாந்தி, தலைசுற்றல், மூச்சு வாங்கல், தூக்கக் கலக்கம்: ஹைட்ரோகார்டிசோன் ஊசி தொடைத் தசையில், உடனே. பெரியவர்களுக்கு 100 மி.கி., பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 50, மழலைகளுக்கு 25. ஊசியைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டு, வரட்டும் போடட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போது ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. கூடுதலாக ஒரு டோஸ் போனால் கெடுதல் கிடையாது, போகாமல் விட்டால்தான் ஆபத்து.

17 ஜூன் 2020

நேற்று பிரிட்டனின் ரெகவரி (RECOVERY) மருந்து ஆய்வின் முடிவு வந்துவிட்டது: ஆக்ஸிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மி.கி. தினமும், பத்து நாள் வரை, இறப்பு குறைகிறது. நல்ல செய்தி. இனி எல்லா வார்டிலும் கை தானாக இதை எழுதும், ஆகவே மூன்று எச்சரிக்கை.

யூரியா சுழற்சிக் கோளாறில் ஸ்டீராய்டு தசையை உடைக்கும், அமோனியா ஏறும். தேவைப்பட்டால் கொடுக்கலாம், ஆனால் கூடவே டெக்ஸ்ட்ரோஸ் ஓட வேண்டும், அமோனியாவை அடிக்கடி பார்க்க வேண்டும். "தூக்கமாக இருக்கிறார், கோவிட் களைப்பு" என்று விடக் கூடாது.

அட்ரினல் குறைபாட்டில் டெக்ஸாமெத்தசோன் உப்பைப் பிடித்துவைக்கும் வேலையைச் செய்யாது. ஃப்ளூட்ரோகார்டிசோனை நிறுத்திவிட்டு இது மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

மூன்றாவது, டிஸ்சார்ஜ் அன்று. "ஸ்டீராய்டு பத்து நாள் முடிந்தது, நிறுத்தப்பட்டது" என்று எழுதி அனுப்புவார்கள். டூஷேன் பிள்ளைகளும் அட்ரினல் நோயாளிகளும் வருடக்கணக்காக எடுக்கும் ஸ்டீராய்டும் அந்த ஒரே வரியில் அடிபட்டுப் போகும். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள் மயங்கி விழுவார்கள். டிஸ்சார்ஜ் தாளில் பழைய ஸ்டீராய்டின் பெயரும் அளவும் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் பாருங்கள்.

3 ஆகஸ்ட் 2020

"ஆக்ஸிமீட்டர் 91 காட்டுகிறது, ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்பாடு செய்யலாமா?" கேட்டது டூஷேன் நோயாளியின் வீட்டார்.

சிலிண்டர் மட்டும் தனியாக வேண்டாம். இவர்களுக்குப் பெரும்பாலும் நுரையீரல் கெட்டு அளவு குறைவதில்லை. மூச்சுத் தசை காற்றைப் போதுமான அளவு இழுத்துத் தள்ளவில்லை, அல்லது சளி அடைத்திருக்கிறது. ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தால் மீட்டர் 97-க்கு ஏறும், எல்லாருக்கும் நிம்மதி, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டே போய் நோயாளி தூங்கியபடியே நினைவிழப்பார். வரிசை இதுதான்: முதலில் இருமல் கருவி, சளி எடுப்பது, அடுத்து பைபாப், அப்போதும் குறைவு என்றால் பைபாப்போடு சேர்த்து ஆக்ஸிஜன், ரத்தவாயு பார்த்துக்கொண்டே.

கோவிட் என்றால் பைபாப் காற்று அறை முழுக்கப் பரவும் என்று வார்டில் நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாமல் மாற்றலாம்: ஓட்டையில்லாத மாஸ்க், அதை ஒட்டி வைரஸ் ஃபில்டர், அதற்கு அப்பால் மூச்சு வெளியேறும் வால்வு, பிறகு குழாய், பிறகு இயந்திரம். இந்த வரிசை மாறக் கூடாது. மாஸ்க்கை மட்டும் ஓட்டையில்லாததாக மாற்றிவிட்டு வால்வைப் போட மறந்தால் நோயாளி தன் மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பார். ஈரப்பதக் கருவி ஓடினால் ஃபில்டர் நனைந்து காற்றை மறிக்கும். நனைந்ததும் மாற்றுங்கள், நனையாவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு ஒன்று. வீட்டு இயந்திரத்தையே கொண்டுபோங்கள், மின்கம்பியோடு. கம்பியை மறந்துவிட்டுப் போவதுதான் அதிகம்.

19 செப்டம்பர் 2020

எகுலிசுமாப், ரவுலிசுமாப் எடுப்பவர்களின் காய்ச்சலைக் கோவிட் வரிசையில் நிறுத்தாதீர்கள். இந்த மருந்துகள் காம்ப்ளிமென்ட் அமைப்பை (கிருமியைத் தாக்கும் ரத்தப் புரதங்கள்) அடைத்துவிடுவதால் மெனிங்கோகாக்கஸ் (மூளைக்காய்ச்சல் கிருமி) தொற்றின் ஆபத்து ஆயிரம் மடங்குக்கு மேல், தடுப்பூசி போட்டிருந்தாலும் மிச்சம் இருக்கும். காய்ச்சல் தொடங்கி சில மணி நேரத்தில் ஆண்டிபயாட்டிக் நரம்பில் ஏறியாக வேண்டும். கோவிட் பாசிட்டிவ் என்று வந்தாலும் போடுங்கள், இரண்டும் சேர்ந்தே வரலாம். கோவிட் பயத்தில் எகுலிசுமாப் டோஸைத் தள்ளினால் இன்னொரு பக்கம் ரத்தச் சிவப்பணு உடையத் தொடங்கும், சிறுநீர் கருத்துப்போகும். இரண்டு வார மருந்து இரண்டு வாரத்தில் போக வேண்டும்.

11 ஜனவரி 2021

தடுப்பூசி, ஹீமோஃபிலியா. "தசை ஊசி கூடாது" என்ற பழைய விதியைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். போடலாம். 25 முதல் 27 வரையான கேஜ் (ஊசியின் பருமன்), கிடைக்கும் மெல்லிய ஊசி. கடுமையான நோய் உள்ளவர்கள் ஃபாக்டர் (ரத்தம் உறைய உதவும் புரத மருந்து) எடுத்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும்; எமிசிசுமாப் (ஃபாக்டரின் வேலையைச் செய்யும் தோலடி ஊசி) எடுப்பவர்களுக்கு எந்த நாளும் சரி. போட்ட இடத்தைக் குறைந்தது பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தடவிப் பாருங்கள், கட்டியாகத் தெரிந்தால் உங்கள் மையத்தைக் கூப்பிடுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போடலாம்; ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம்.

பின்சேர்க்கை: எமிசிசுமாப் எடுப்பவருக்குக் கோவிட் வார்டில் ஏபிடிடி (ரத்தம் உறையும் நேரம் பார்க்கும் டெஸ்ட்) பார்த்தால் பொய்யாக நல்ல அளவு காட்டும். ரத்தம் நன்றாக உறைகிறது என்று நினைத்து ஹெப்பாரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அதை வைத்து அளக்காதீர்கள்.

9 மே 2021

இம்யூனோகுளோபுலின் தட்டுப்பாடு ஏன் இப்போது? தானம் பெற்ற பிளாஸ்மா குப்பி மருந்தாக மாற 7 முதல் 12 மாதம் ஆகும். போன வருஷம் கொடையாளர்கள் வீட்டுக்குள் இருந்ததன் பலன் இது.

கிடைப்பதைப் பங்கிடும்போது எதிர்ப்பாற்றலே இல்லாத பிறவிக் குறைபாட்டினருக்கு முதலிடம். இவர்களுக்கு மாற்று மருந்து கிடையாது. மாதம் ஒருமுறை நரம்பில் ஏற்றுபவர்கள் தோலடி முறைக்கு மாறலாம். மாத அளவை நான்காகப் பிரித்து வாரா வாரம் வயிற்றிலோ தொடையிலோ வீட்டிலேயே போடலாம். பலர் "மருத்துவமனைக்குப் போக வேண்டாம்" என்பதற்காக மாறி, பிறகு களைப்பும் தலைவலியும் குறைகிறதென்று அதிலேயே தங்கிவிடுகிறார்கள்.

ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்து "எனக்குத் தடுப்பூசி பிடித்துவிட்டது" என்று மகிழ வேண்டாம், குப்பியில் வந்த அடுத்தவரின் ஆன்டிபாடியாக இருக்கலாம். பி செல் (ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணு) இல்லாதவர்களும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், டி செல் (கிருமி புகுந்த செல்லை அழிக்கும் வெள்ளையணு) தன் பங்கைச் செய்யும். இன்னொன்று, இவர்கள் உடம்பில் வைரஸ் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பத்து நாள் தனிமை என்ற பொதுக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது.

10 ஜனவரி 2022

கோவிட்டுக்கு பாக்ஸ்லோவிட் வந்துவிட்டது. ஐந்து நாள் மாத்திரை, வீட்டிலேயே. அதிலிருக்கும் ரிட்டோனாவிர் கல்லீரலின் சிஒய்பி3ஏ என்சைமை அடைத்துவிடும். அரிய நோய் மருந்துகளில் பல அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன. நுரையீரல் ரத்தஅழுத்தத்துக்கு சில்டெனாஃபில் எடுப்பவர்கள் சேர்க்கவே கூடாது. டியூபரஸ் ஸ்கிளரோசிஸில் (உறுப்புகளில் கட்டிகள் வளரும் பிறவி நோய்) எவரோலிமஸ், சிரோலிமஸ் அளவு நஞ்சாக ஏறும். டெஃப்லசகார்ட் (டூஷேனுக்குத் தரும் ஸ்டீராய்டு) மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸின் (நுரையீரலில் சளி கெட்டியாகும் பிறவி நோய்) மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை தினசரியிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறையாக இறங்கும். கோஷேக்கு எலிகுளூஸ்டாட் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். வலிப்புக்கு கார்பமசெபின், ஃபெனிடோயின் எடுப்பவர்களுக்குத் தலைகீழ், பாக்ஸ்லோவிட்டே கரைந்துபோய் வேலை செய்யாது.

ஐந்தாம் நாள் முடிந்ததும் பழைய அளவுக்குத் தாவாதீர்கள், அடைப்பு விலக இன்னும் சில நாள் ஆகும். சேராதவர்களுக்கு ரெம்டெசிவிர் மூன்று நாள் டிரிப்ஸ்: 200, 100, 100 மி.கி. அறிகுறி தெரிந்து மாத்திரை தொடங்கக் கிடைக்கும் ஐந்து நாளுக்குள் இதையெல்லாம் விசாரிக்க நேரமிருக்காது. பாசிட்டிவ் வரும் முன்பே மருந்துப் பட்டியலோடு உங்கள் மருத்துவரிடம் கேட்டு, எது நிற்கும் எது குறையும் என்று அவசரத் தாளின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். (பின்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றவன் நான்தான். இது உங்களுக்காக.)

8 மே 2023

உலக சுகாதார அமைப்பு மூன்று நாள் முன்பு அவசரநிலையை விலக்கிக்கொண்டது. "இனி தாளைக் கிழித்துப் போடலாமா?" என்று விளையாட்டாக ஒருவர். கிழிக்காதீர்கள், எடையை மாற்றுங்கள். 2020-இல் 14 கிலோ இருந்த பிள்ளைக்கு எழுதிய டெக்ஸ்ட்ரோஸ் வேகமும் ஸ்டார்ச் கிராமும் இன்றைக்கு அரைவயிறுதான். வீடியோவில் மட்டுமே பார்த்த ஆண்டுகளில் பலருக்கு எடை போடவே இல்லை. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அல்லது எடை பத்தில் ஒரு பங்கு கூடினாலே, கணக்கை மருத்துவரிடம் புதுப்பித்து தேதி போடுங்கள்.

பெட்டியிலிருக்கும் ஹைட்ரோகார்டிசோன் குப்பியின் காலாவதித் தேதியையும் பாருங்கள், கூடவே ஊசியையும். தொடைத் தசைக்கு 23 கேஜ், 25 மி.மீ. நீளம். இன்சுலின் சிரிஞ்ச் வாங்கிவைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள், அது தோலுக்கு அடியில்தான் போகும்.